மாதா ஓசூர் போன நாள்

உங்கள் வீடு எங்கே என்று யாராவது யேசுதாஸைக் கேட்டால், "இப்பவா? இப்ப சித்ரதுர்கா தாண்டி நின்னுகினு கீது" என்பார். கேட்டவர் முழிப்பார். அந்த முழியைப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு குஷி. ஐம்பத்தாறு வயசில் மனுஷனுக்கு இந்த மாதிரி அற்ப சந்தோஷம்கூட இல்லாவிட்டால் எப்படி?

ஆனால் அவர் சொல்வது பொய்யில்லை. யேசுதாஸும் அவர் மனைவி செண்பகமும் மூன்று வருஷமாக லாரியில்தான் குடியிருக்கிறார்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை. சமையல், தூக்கம், ஜெபம், சண்டை எல்லாமே அந்தப் பத்துச் சக்கர லாரியின் கேபினுக்குள்தான். அதற்கு முன்னால் பெங்களூரு ஈஜிபுராவில் பதினாலு வருஷம் வாடகை வீட்டில் இருந்தார்கள். மகள் யாமினி கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள். அப்புறம் மாதத்தில் இருபத்தைந்து நாள் யேசுதாஸ் ரோட்டில், செண்பகம் டிவியோடு பேசிக்கொண்டு வீட்டில். ஒரு தடவை இந்தூருக்கு லோடு ஏற்றிக் கிளம்புகிற நேரத்தில் கிளீனர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு ஓடிப்போனான். தனியாகப் போகவேண்டியதுதான் என்று யேசுதாஸ் புலம்பிக்கொண்டிருக்கும்போதே செண்பகம் இரண்டு புடவையைப் பைக்குள் திணித்துக்கொண்டு கேபினில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஏறினவள் இறங்கவே இல்லை. மூன்றாவது மாதம் வீட்டைக் காலி செய்து, கட்டிலையும் பீரோவையும் யார் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, கேபினை அவள் வைத்திருக்கிற அழகே அழகு. சீட்டுக்குப் பின்னால் படுக்கை, அதற்குப் பழைய சுங்கடிப் புடவையில் திரை. ஐந்து கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, சைக்கிள் டியூப் போட்டுக் கட்டின அஞ்சறைப்பெட்டி. எந்தச் சுங்கச்சாவடி பாத்ரூமில் தண்ணீர் வரும், எந்த பெட்ரோல் பங்கில் பொம்பளைகள் குளிக்க இடம் கொடுப்பார்கள் என்று நாக்பூர் வரைக்கும் அவளிடம் ஒரு நோட்டில் எழுத்தில் இருக்கிறது. மற்ற டிரைவர்கள் மனைவிகளை அழைத்துப் போகும்போது போனில் அவளிடம்தான் வழி கேட்பார்கள்.

இரண்டு பேருமே கோலார் தங்கவயல் பிள்ளைகள். யேசுதாஸின் அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். வெளிச்சத்தைப் பார்க்காமலே பாதி வாழ்க்கை போச்சு அவருக்கு. மகனுக்கோ முன்னால் ஆறடிக்குக் கண்ணாடி, அதற்கு அப்பால் நாடு முழுக்க விரிந்து கிடக்கிறது, பக்கத்தில் வாய் ஓயாத பெண்டாட்டி. இதற்குமேல் என்ன வேண்டும் என்று யேசுதாஸ் தினம் ஒரு தடவையாவது நினைப்பார். சத்தமாகச் சொல்லமாட்டார். சொன்னால் செண்பகம் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாளாம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில் போன செப்டம்பர் கடைசியில் குழப்பம் வந்தது. வந்தது மாதாவால்.

ஈஜிபுராவில் அவர்கள் குடியிருந்த தெருக்களில் முப்பது கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் அன்பியம் வைத்திருக்கிறார்கள். பங்குக்கோயில் பெரிது, யாருக்கு யார் என்று தெரியாது. அதனால் தெருவாரியாகப் பிரித்து, மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வதுதான் அன்பியம். அக்டோபர் ஜெபமாலை மாதம் வந்துவிட்டால் கோயிலிலிருந்து இரண்டடி உயர மாதா சுரூபம் ஒன்று கிளம்பும். நாளைக்கு ஒரு வீடு. சாயங்காலம் ஆறு மணிக்கு மாதா வீட்டுக்கு வருவாள், எல்லாரும் கூடி ஜெபமாலை சொல்வார்கள், சுண்டல் கொடுப்பார்கள். மறுநாள் அதே ஆறு மணிக்கு அந்த வீட்டார் மாதாவை அடுத்த வீட்டில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க மாதா உன் வீட்டு விருந்தாளி. செண்பகம் மாதிரி ஆட்களுக்குக் கிறிஸ்மஸைவிட அது பெரிய நாள்.

அன்பியத் தலைவி ஸ்வர்ணா, தையல் கடை வைத்திருப்பவள். போன் கெட்டுப்போய்ப் புதுப் பட்டியல் எல்லாம் அழிந்துபோனதில், நாலு வருஷத்துப் பழைய நோட்டைப் பார்த்து அப்படியே எழுதி வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். பதினேழாம் தேதிக்கு நேராக, 'யேசுதாஸ் – செண்பகம்'.

தாவணகெரே பக்கம் ஒரு தாபாவில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது செண்பகம் அதைப் பார்த்தாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. போனை யேசுதாஸின் மூக்குக்கு நேரே நீட்டினாள். பக்கத்து மேஜை ஹரியானா டிரைவருக்கும் காட்டினாள். அவருக்குத் தமிழும் தெரியாது, மாதாவும் தெரியாது, ஆனாலும் மரியாதைக்குத் தலையாட்டினார்.

அரை மணி நேரத்தில் ஸ்வர்ணாவிடமிருந்து குரல் பதிவு வந்துவிட்டது. அக்கா தப்பா நெனைக்காதீங்க, பழைய நோட்ட பாத்து எழுதிட்டேன், உங்களுக்கு இப்ப இங்க வீடு இல்லன்றதே மறந்துபோச்சு, அந்தத் தேதிய வேற யாருக்காவது கொடுத்துடறேன் என்று. குற்றம் சொல்லும்படி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் செண்பகம் மிச்ச ரொட்டியைத் தொடவில்லை.

லாரி கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியும் அவள் பேசவில்லை. செண்பகம் திட்டினால் சமாளிக்கலாம், அழுதால் சமாளிக்கலாம், பேசாமல் இருந்தால் ஏதோ முடிவெடுக்கிறாள் என்று அர்த்தம்.

"எனக்கு ஒரு ரூமு பாக்கணும்யா," என்றாள் கடைசியில். "நீ வண்டி ஓட்டு. நான் எறங்கிக்கறேன். பதினாலு வருஷம் அந்தத் தெருவுல இருந்தவளுக்கு வூடு இல்லன்னு மாதா வரமாட்டாங்களாம். பேரு எழுதி அடிச்சிட்டாங்க."

யேசுதாஸ் என்னென்னவோ சமாதானம் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. அவருக்கு உண்மையில் பயமாக இருந்தது. அவள் வருவதற்கு முன்பு இருபத்தைந்து வருஷம் கிளீனர் பையன்களோடுதான் ஓட்டினார். அப்போது அது கஷ்டமாகத் தெரியவில்லை. இப்போது அந்தப் பக்கத்து சீட்டு காலியாக இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தார், நினைக்கவே பிடிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஸ்வர்ணாவின் கடைக்குப் போனார். லாரிக்கே மாதாவை அனுப்பச் சொல்லிக் கேட்டார். ஸ்வர்ணா தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். லாரியில் சுரூபத்தை வைப்பதாவது, அது வாசற்படி வைத்த வீட்டுக்கு வருகிற மாதா என்றாள். யேசுதாஸ் விடவில்லை. தன்னிடம் இருந்த ஒரே பெரிய துருப்பை எடுத்து வீசினார்.

"ஏசுவ பெத்தப்ப மாதா எந்த வூட்ல இருந்தாங்க? மாட்டுக் கொட்டாயிலதானம்மா?"

"அது ஒரு ராத்திரிக்குத்தான்ணா," என்றாள் ஸ்வர்ணா. "அப்புறம் அவங்களும் நாசரேத்துல வீடு எடுத்து செட்டிலாயிட்டாங்க."

இதற்குப் பதில் பைபிளில் எங்கே இருக்கிறது என்று யேசுதாஸுக்குத் தெரியவில்லை. நேரே பங்குச் சாமியாரிடம் போய் நின்றார். சாமியார் நிதானமானவர். வேதத்துக்குள் எல்லாம் போகவே இல்லை. லாரி பாடி எத்தனை அடி என்று மட்டும் கேட்டார். இருபத்திநாலு அடி நீளம், ஏழரை அடி அகலம் என்றார் யேசுதாஸ். சாமியார் கொஞ்ச நேரம் யோசித்தார். போன வருஷம் ஈஜிபுரா வீடுகளில் ஜெபம் சொன்ன லட்சணம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். பத்துக்குப் பத்து அறையில் பதினோரு பேர், மிச்சப் பேர் மாடிப்படியில் வரிசையாக, சாமியாருக்குச் செருப்புகளின் நடுவில்தான் இடம். "காலியா, கழுவி வைங்க," என்றார் சாமியார். அவ்வளவுதான், பதினேழாம் தேதி மறுபடியும் அவர்கள் பேருக்கு வந்துவிட்டது.

ஸ்வர்ணாவுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. செண்பகத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் ரூம் பேச்சை எடுத்தபோது மட்டும், "அது வேற, இது வேற," என்றாள். யேசுதாஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதா வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் கணக்கு.

அவருக்கு லோடு பிடித்துக் கொடுக்கிற புக்கிங் ஆபீஸ்காரர் சீனிவாசராகவன், பொம்மனஹள்ளியில் இருப்பவர், ஐயங்கார். அவரிடம் பதினேழு காலையில் பெங்களூரில் இருக்கிற மாதிரி ஒரு லோடு கேட்டார். காரணத்தைக் கேட்டதும் சீனிவாசராகவன் பிள்ளையின் கல்யாணம் மாதிரி அக்கறையாகத் தேடி, பியாடகியிலிருந்து மிளகாய் வற்றல் லோடு வாங்கிக் கொடுத்தார். நல்ல மனசுதான். யோசனைதான் போதாது.

பதினேழாம் தேதி யஷ்வந்த்பூரில் மூட்டைகளை இறக்கிவிட்டு, ஈஜிபுராவுக்குப் பக்கத்தில் தெரிந்த மரக்கடைக்காரரின் காலி மைதானத்தில் லாரியை நிறுத்தி, இரண்டு பேரும் மூன்று மணி நேரம் கழுவினார்கள். தண்ணீர் சிவப்பாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஜமக்காளம் விரித்து, தார்ப்பாயின் உள்பக்கம் சீரியல் பல்பு கட்டி, ஏறி வர மரக்கடையிலிருந்து பலகைப் படி வாங்கிப் போட்டார்கள். கேபினுக்கு ஒட்டின பக்கம் மேஜை, வெள்ளைத் துணி, சாமந்தி மாலை. வேலை முடிந்து இறங்கி நின்று பார்த்தபோது செண்பகத்தின் கண் கலங்கியது. அதற்குக் காரணம் பாதி பக்தி, பாதி மிளகாய்.

மாதா வந்தாள். முப்பத்துநாலு பேர் வந்தார்கள். அத்தனை பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தது அந்த அன்பியத்தின் சரித்திரத்தில் முதல் தடவை. ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து பகுதி. இரண்டாம் பத்தில் ஹெர்பர்ட் தும்மினார். ஹெர்பர்ட் ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்து, ரிடயரான பிறகு மகள் வீட்டோடு ஈஜிபுராவுக்கு வந்தவர். கோட்டுப் போடாமல் ஜெபத்துக்கு வரமாட்டார். அப்பேர்ப்பட்டவர் அடக்கி அடக்கிப் பார்த்துக் கடைசியில் வெடித்த தும்மலில் லாரியே ஒரு குலுங்கு குலுங்கியது. அப்புறம் வரிசையாக ஆரம்பித்தது பாருங்கள், அருள் நிறைந்த மரியே ஒரு தும்மல், அர்ச்சிஷ்ட மரியாயே இரண்டு தும்மல். சாமியாரும் தப்பவில்லை. நாலாவது பத்தில் எல்லாரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள், ஜெபமும் நிற்கவில்லை. போகும்போது ஹெர்பர்ட் யேசுதாஸின் கையைப் பிடித்துக் குலுக்கி, நாளைக்கு ஆறு மணிக்கு மாதா தன் வீட்டுக்கு வரவேண்டும், மகன் மைசூரிலிருந்து லீவு போட்டு வருகிறான் என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனார்.

யேசுதாஸ் பூரித்துப்போய் ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பலகைப் படிக்குப் பக்கத்தில் ஸ்வர்ணா செண்பகத்திடம் பேசுவது காதில் விழுந்தது. தையல் கடைக்கு மேலே உள்ள ரூம் காலியாகிறதாம். நாளைக்கு நாலு மணிக்கு வீட்டுக்காரர் வருவார், வந்து பார்த்துவிடுங்கள், விட்டால் வேறு ஆள் வந்துவிடும்.

"சரி. வரேன்," என்றாள் செண்பகம்.

மாதா வந்தும் சரியாகவில்லை. யேசுதாஸ் அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். போகாதே, நீ இல்லாமல் எனக்கு ஆகாது என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தின மனுஷனுக்கு அந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக மூளை வேலை செய்தது. அது வேலை செய்தாலே வில்லங்கம்தான்.

காலையில் சீனிவாசராகவனுக்குப் போன் போட்டு, ஓசூருக்கு ஏதாவது அவசர லோடு இருக்கிறதா என்று கேட்டார். அட்டைப்பெட்டி லோடு இருந்தது. பதினோரு மணிக்கு ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப ஐந்து ஆகிவிடும். நாலு மணி ரூம் போச்சு, ஆறு மணி மாதாவுக்குப் பழுதில்லை. இதுதான் திட்டம். செண்பகத்திடம் மட்டும், மூன்று மணிக்கெல்லாம் வந்துவிடலாம் என்று பூசி மெழுகினார்.

"மாதாவ இன்னா பண்றது?" என்றாள்.

ஸ்வர்ணாவின் கடையில் விட்டுவிட்டுப் போகலாம் என்றார். செண்பகம் முறைத்தாள். நம்ம வீட்டில் ஒரு நாள் இருக்க வந்தவர்களை அடுத்த வீட்டில் கொண்டுபோய்த் தள்ளுவதா? ஆகவே மாதாவும் ஓசூருக்குக் கிளம்பினாள். செண்பகம் சுரூபத்தைப் படுக்கையில் தலையணைக்கு நடுவில் நிற்கவைத்து, தன் புடவையால் அசையாமல் கட்டி, திரையை ஒதுக்கிவிட்டாள். மாதாவும் ரோட்டைப் பார்க்க வேண்டாமா? அவள் போகிற வழியெல்லாம், இது சில்க் போர்டு, இது எலக்ட்ரானிக் சிட்டி என்று பின்னால் திரும்பி மாதாவுக்கு ஊர் காட்டிக்கொண்டே வந்தாள். அத்தனை சந்தோஷமாக அவளை அவர் பார்த்து நாளாயிற்று. குற்ற உணர்ச்சி யேசுதாஸைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ஸ்டியரிங்கை விடவில்லை.

ஓசூரில் இரண்டு மணிக்கே லோடை இறக்கிவிட்டார்கள். என்றைக்கும் இல்லாத அதிசயம். யேசுதாஸ் டயருக்குக் காற்றுப் பார்த்தார். தண்ணீர் பார்த்தார். டீ குடித்தார். நன்றாக இருக்கிற வைப்பரைக் கழற்றி மாட்டினார். செண்பகம் இரண்டு தடவை மணியைச் சொன்னாள். மூன்றரைக்குத்தான் வண்டியை எடுத்தார்.

பொம்மசந்திரா தாண்டி நாலரை மணிக்கு ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் கையைக் காட்டினார். கனரக வண்டிகளையெல்லாம் ஓரம் கட்டிக்கொண்டிருந்தார். "ஒளகெ பிடல்லா. ராத்ரி ஹத்து கண்ட்டெ மேலெ பன்னி," என்றார். உள்ளே விடமாட்டேன், ராத்திரி பத்து மணிக்கு மேல் வா.

அப்போதுதான் யேசுதாஸுக்கு உறைத்தது. சாயங்காலம் கனரக வண்டி ஊருக்குள் போகக்கூடாது. நாக்பூரில் எத்தனை மணிக்கு வண்டி நுழையலாம், புனேயில் எந்த ரோட்டில் எத்தனை மணி வரை தடை, எல்லாம் அவருக்கு விரல் நுனியில். சொந்த ஊர் விதி மட்டும் மறந்துவிட்டது. மறக்காமல் என்ன செய்யும்? வருஷக்கணக்கில் பெங்களூருக்கு ராத்திரி வந்து ராத்திரி போகிற மனுஷன், சாயங்காலம் ஐந்து மணிக்கு உள்ளே நுழைவதாகத் திட்டம் போட்டிருக்கிறார். இறங்கிப் போய்க் கெஞ்சினார். கேபினுக்குள் மாதாவைக் காட்டினார். போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, நெஞ்சில் கைவைத்துக் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு, பத்து மணி என்றார்.

யேசுதாஸ் சர்வீஸ் ரோட்டில் வண்டியை ஒதுக்கினார்.

"ரூமு பாக்கக் கூடாதுன்னுதான ஓசூரு லோடு எடுத்த?" என்றாள் செண்பகம்.

மறுக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தார். பின்னால் மாதா நின்றுகொண்டிருந்தாள். "ஆமாம்மே," என்றார்.

செண்பகம் கத்தவில்லை. புடவையை அவிழ்த்து, சுரூபத்தைப் பூத்துவாலையில் பக்குவமாகச் சுற்றினாள். ஸ்வர்ணாவுக்குப் போன் போட்டாள். ஆறு மணிக்கு மாதா வந்துவிடுவாங்க, ரூமுக்காரரை இருக்கச் சொல்லு, ஜெபம் முடிஞ்சதும் வந்து பாத்துடறேன் என்றாள். இதைச் சொல்லும்போது புருஷன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அப்புறம் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மாதாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கி, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

யேசுதாஸ் பஸ் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேபினில் உட்கார்ந்தார். டீ போடலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தார், சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. மூன்று டப்பாவைத் திறந்தார், ஒன்றில் சீரகம், ஒன்றில் பட்டன், ஒன்றில் யாமினியின் பழைய போட்டோக்கள். அடுப்பை அணைத்துவிட்டார். லாரிக்குச் சொந்தக்காரர் அவர்தான், ஆர்.சி. புத்தகத்தில் அவர் பேர்தான் இருக்கிறது. ஆனால் அவள் இறங்கிப் போனதும் அது வெறும் வண்டி ஆகிவிட்டது. பக்கத்து சீட்டு காலியாக இருந்தால் எப்படியிருக்கும் என்று தாவணகெரே ரோட்டில் நினைத்துப் பார்க்கப் பயந்தாரே, இப்படித்தான் இருந்தது. அழுகை வந்தது. அடக்கவில்லை, யார் பார்க்கப்போகிறார்கள்?

ஆறேகாலுக்கு வாட்ஸப்பில் ஒரு போட்டோ வந்தது. ஹெர்பர்ட் வீட்டில் மாதா. பக்கத்தில் கோட்டோடு ஹெர்பர்ட், மைசூர் மகன், பின்னால் வாய் திறந்து பாடிக்கொண்டிருக்கும் செண்பகம். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். யேசுதாஸ் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. ஏழு மணிக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை. ஏழரைக்கும் எடுக்கவில்லை. இப்போது ரூமில் இருப்பாள். அட்வான்ஸ் பேசிக்கொண்டிருப்பாள். தன் புடவைகளை எப்போது வந்து எடுத்துக்கொள்வாள் என்றுகூட யோசித்துவிட்டார்.

எட்டரை மணிக்கு இடது பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தார். செண்பகம் முதலில் ஒரு பொட்டலத்தை மேலே நீட்டினாள், பிறகு தானும் ஏறி வந்து தன் சீட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். பொட்டலத்தில் ஹெர்பர்ட் வீட்டுச் சுண்டல் சூடாக இருந்தது.

பத்து மணிக்குத் தானே வந்திருப்பேனே, எதற்கு இத்தனை தூரம் பஸ்ஸில் அலைந்தாய் என்று கேட்டார் யேசுதாஸ்.

"அதுவரைக்கும் நான் அங்க இன்னா பண்றது?" என்றாள்.

பஸ்ஸில் நடந்ததைச் சொன்னாள். பெண்களுக்குத்தான் டிக்கெட் காசு இல்லையே, கண்டக்டர் துவாலைக்குள் மாதாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, இவங்களுக்கும் சேர்த்து இலவசம்தான் என்றாராம். ஒரு காலேஜ் பெண் எழுந்து இடம் கொடுத்தாளாம். ஹெர்பர்ட் வாசலிலேயே நின்றாராம். சாமியாரும் மொத்த அன்பியமும் கூடியிருக்க, மாதாவைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே ஹெர்பர்ட் குரலில் சொல்லிக் காட்டினாள்.

"யேசுதாஸ் செண்பகம் வீட்டிலருந்து மாதா வந்துட்டாங்கன்னாரு. வூடுன்னே சொன்னாருய்யா. யாரும் சிரிக்கல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை மிளகாய் இல்லை.

யேசுதாஸ் தைரியத்தைத் திரட்டிக் கேட்டார். "ரூமு பாத்தியா?"

"பாத்தேன். நல்ல ரூமு. கொழா உள்ளயே கீது, ஜன்னலு பெருசு. உக்காந்து பாருக்கா, புடிச்சிருந்தா சொல்லுன்னு ஸ்வர்ணா என்ன விட்டுட்டு கீழ போனா. உக்காந்தேன்."

"அப்புறம்?"

"பத்து நிமிஷம் ஜன்னலப் பாத்துகினு உக்காந்திருந்தேன்யா. எதுவுமே நகரல."

யேசுதாஸ் அவளையே பார்த்தார். நேற்று ராத்திரி வராத அந்த வாக்கியம் இப்போது தானாக வாயில் வந்தது. நீ இல்லன்னா எனக்கு ஆகாதும்மே என்றார். செண்பகம் சுண்டலை அவர் கையில் கொட்டி, ஞாயித்துக்கிழமை சாமியாரிடம் போய் ஓசூர் கதையை ஒன்று விடாமல் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடச் சொன்னாள். மாதாவைப் பொய் லோடில் ஏற்றினது சின்னப் பாவமா என்ன? அவர் சரி சரி என்று தலையாட்டினார்.

பிறகு அவள் காலை மடக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டு, முன் கண்ணாடி வழியாக ஓசூர் ரோட்டில் ஓடுகிற விளக்குகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.